படு, பாடு

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த நாள், யார், எந்த இடம் என்று முறை உண்டு. அதற்குப் பெயர் பாடு. தவறவிட்டால் முறை மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நைனாவோ தூங்கினால் எழுந்திருக்க மாட்டார். அதனால் எங்கள் பாடு வரும் விடியலில் போனே சத்தமாகக் கூப்பிடும்படி டைப்ஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் ஒரு ஆப் எழுதினேன்.

அதற்கு யாரோ எழுதி வைத்திருந்த ஒரு குட்டி புரோகிராம் தொகுப்பை, லைப்ரரி என்பார்கள், பிடித்தேன். புரோகிராமில் ஒரு இடம் ஒரு பெயரைச் சொல்லிக் குரல் கொடுக்கும். அந்தப் பெயருக்குக் காத்திருக்கும் இன்னொரு இடம் வேலையைச் செய்யும். பெயர்களை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் திரையில் அதன் கீழே சிவப்புக் கோடு. ஒரு ஃபைலில் எவ்வளவு மல்லுக்கட்டியும் கோடு போகவில்லை. எரிச்சலில் அங்கே 'எனி' போட்டேன். எது வந்தாலும் சரி என்று அர்த்தம். கோடு வாயை மூடிக்கொண்டது.

முந்தின நாள் மாலை பட்டனைத் தட்டிக் காட்டினேன். போன் கணீரென்று சொன்னது: "நைனா, நமக்கு படு!"

"இன்னாம்மா, படுக்கச் சொல்லுது?" என்றார் நைனா.

"அது சொல்லலன்னா மட்டும் நீ படுக்க மாட்டியா?" என்றாள் அம்மா.

குரல் கொடுக்க வேண்டிய பெயரை ஆங்கில எழுத்தில் padu என்று வைத்திருந்தேன். போன் அதை அப்படியே வாசித்துவிட்டது. இன்னொரு a சேர்த்தேன். பழைய பெயர் இருந்த இடமெல்லாம் சிவந்தது, எல்லாவற்றையும் மாற்றினேன். மறுபடி தட்டினால், "நமக்கு பாடு!"

"இப்ப பாடச் சொல்லுதா?" என்றாள் அம்மா. நைனா சிரித்துவிட்டு, "காலைல போனே எழுப்பும், நீ கத்தாத" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் படுத்தார்.

போன் எழுப்பவில்லை. நாங்கள் கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. நைனா கரைக்கு ஓடினார். முறைப்படி அடுத்த வீட்டார் எங்கள் இடத்தில் வலை கட்டி முடித்திருந்தார்கள்.

விடியலில் குரல் கொடுக்க வேண்டிய ஃபைல்தான் நான் 'எனி' போட்டது. பட்டன் வேறு ஃபைலில் இருந்தது; பெயரை மாற்றியபோது இங்கே மட்டும் சிவக்கவில்லை. அது பழைய பெயரையே கூப்பிட்டிருக்கிறது. அந்தப் பெயருக்கு யாரும் காத்திருக்கவில்லை. ஆள் இல்லாத இடத்தில் கூப்பிட்டால் இந்த லைப்ரரி ஒரு பிழைகூடக் காட்டாதாம்! ஒரு எழுத்து மாறினதற்குக் குதித்த சனியன், எங்கள் பாடே போனபோது வாய் திறக்கவில்லை.

'எனி'யை அழித்தேன். உடனே சிவப்புக் கோடு.

நைனா ஈரக்காலோடு வந்து போனைப் பார்த்தார்.

"என்னைச் சொன்னீங்களே," என்றார். "இது இன்னாமா படுத்துக்கினு கீது பாரு."