துண்டு வீசியவனுக்கு ஒரு விரால்

எங்கள் ஏரியில் என்னைப் போல விரால் பிடிக்கிற ஆள் கிடையாது. பொய்தான், மன்னித்துவிடுங்கள். அந்த ஏரியில் என் ஆயுசுக்கும் நான் பிடித்தது ஒரே ஒரு கெளுத்தி. அதுவும் என் கட்டைவிரலில் முள்ளை ஏற்றிவிட்டுக் கழற்றத் தெரியாமல் கூடவே கரைக்கு வந்தது. யார் யாரைப் பிடித்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாசிக் கடைசியில் ஏரித்தண்ணீர் வற்றி முழங்காலுக்கு மேலே, இடுப்புக்குக் கீழே என்று வந்து நிற்கும். மீன் பிடிக்க அதுதான் பதம். வெயில் ஏறுவதற்குள் ஊரே ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். அத்தனை கால்கள் சேற்றைக் கலக்கினால் மீன் மூச்சு முட்டி மேலே வரும். நாலு பேர் முந்திக்கொண்டு இறங்கினால், எல்லாம் மதகுப் பள்ளத்தில் போய்ப் பதுங்கிக்கொள்ளும்.

அதற்காகவே ஊர்க்கட்டு உண்டு. முதல் நாளே தமுக்கு அடித்துச் சொல்லிவிடுவார்கள். வலை கூடாது. வெறுங்கையும் ஊத்தாவும் மட்டும். ஊத்தா என்றால் அடியில்லாத மூங்கில் கூடை. மீன்மேல் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுப்பது. நாட்டாமை மதகுமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. துண்டு வீசுகிறவர் மீன் பிடிக்கவே கூடாது. விட்டால் அவர் தன் வசதிக்கு நேரம் பார்ப்பார் அல்லவா? அதற்குப் பதிலாக, முதலில் சிக்குகிற விரால் அவருக்குப் போகும்.

எனக்குக் கல்யாணமான வருஷம். இரண்டாயிரத்து மூன்று என்று நினைக்கிறேன். ஏரி இறங்குவதற்கு முதல் நாள் எறையூரிலிருந்து மாமனார் வந்திருந்தார். பெண் கொடுத்த பிறகு முதல்முறையாக வருகிறார். கரும்பு வெட்டிக் காய்த்த கை. அதிகம் பேச மாட்டார். நான் அவருக்கும் சேர்த்துப் பேசினேன்.

"மாமா, நாளைக்கு விரால் கொழம்பு. ஏங்கையால புடிச்ச விராலு. கடையில வாங்குறதெல்லாம் மீனா மாமா?"

அவர் வெற்றிலையை மென்றபடி, "பாப்போம்" என்றார்.

உள்ளே போனதும் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "ஒங்களுக்கு வாய் மட்டுந்தான் வேல செய்யும்னு எங்கப்பா மொதல்லயே சொன்னாரு. நாந்தான் இல்லப்பா, கெட்டிக்காரருன்னு சண்ட போட்டு கட்டிக்கிட்டேன். நாளைக்கு வெறுங்கையோட வந்து நிக்காதீங்க. எம்மானமே போயிரும்."

அன்றைக்கு ராத்திரி கெளுத்தி குத்திய விரலைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

காலையில் கரை முழுக்க ஜனம். மாமனாரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். கல்யாணத்துக்கு அவர் எடுத்துக் கொடுத்த வெள்ளைத் துண்டை மரியாதைக்காகத் தோளில் போட்டிருந்தேன். மற்றவர்கள் எல்லாம் அழுக்குத் துண்டோடு வந்திருக்க, ஏரிக்கு வெள்ளைத் துண்டோடு போன ஒரே புத்திசாலி நான்தான். நாட்டாமை மதகில் இல்லை. ஊரிலேயே முதல் செல்போன் அவருடையது. சிக்னலைத் தேடிக் கரையோடு நடந்துகொண்டிருந்தார்.

மதகை ஒட்டி ஒரு பூவரச மரம். நிழலாக இருக்கிறதே என்று அதன் அடியில் போய் நின்றேன். கிளையில் சிவப்பெறும்புக் கூடு இருந்தது எனக்குத் தெரியாது. நான் வந்தது அதுகளுக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தில் பத்து, சட்டைக்குள் இருபது. துண்டை உருவி, குதித்துக் குதித்து உதறினேன்.

எதிர்க்கரையில் ஓவென்று சத்தம்.

நிமிர்ந்து பார்த்தால் மொத்த ஊரும் தண்ணீருக்குள் இருக்கிறது.

நாட்டாமை செல்போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஓடி வந்தார். "எவன்டா துண்டு வீசினது?"

எல்லா விரலும் என் பக்கம் திரும்பியது. நான் துண்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். எறும்பு விடவில்லை, மறுபடியும் குதித்தேன்.

"ஏண்டா, நீ என்னடா ஊருக்கு நாட்டாமையா?"

"எறும்புங்க நாட்டாம…"

"எறும்பாவுது, கரும்பாவுது! துண்டு வீசுனவன் தண்ணியில எறங்கக் கூடாது. ஊர்க்கட்டு. அங்கயே நில்லுடா!"

என் ஊத்தாவைப் பிடுங்கிக் கரையில் கவிழ்த்துவிட்டார். தண்ணீருக்குள் ஆளாளுக்கு மீனைத் தூக்கிக் காட்டிக் கத்துகிறார்கள். நான் மரத்துக்கு இந்தப் பக்கம், எறும்போடு. வீட்டுக்காரி முகம் கண்முன்னால் வந்தது. மாமனார் பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை.

அந்த நேரம் ஒருவன் முழங்கை நீளத்துக்கு ஒரு விராலை எடுத்துக்கொண்டு வந்து, வழக்கம்போல நாட்டாமையிடம் நீட்டினான். "மொத விராலுங்க."

அவர் கை நீட்டினார். பின்னாலிருந்து மாமனார் குரல் கேட்டது. வந்ததிலிருந்து அவர் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

"அய்யா, நான் வெளியூருக்காரன். தெரியாமத்தான் கேக்குறேன். துண்டு வீசுனவரு எறங்கக் கூடாது, சரிங்க. அப்ப மொத விராலு துண்டு வீசுனவருக்குத்தானங்க?"

தண்ணீருக்குள் இருந்த ஊரே சிரித்தது. "நாயந்தானங்க! குடுத்துருங்க நாட்டாம! எறும்புகிட்ட கடிவாங்கி சம்பாதிச்சது!"

நாட்டாமை என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கொண்டு போடா. அடுத்த வருஷம் துண்டே இல்லாம வா."

வரும் வழியெல்லாம் மாமனார் வெற்றிலையை மென்றுகொண்டே வந்தார். வாசல் வந்ததும், "மீன நீங்களே தூக்கிட்டு முன்னால போங்க மாப்ள" என்று பின்தங்கிக்கொண்டார்.

வீட்டுக்காரிக்கு முகமெல்லாம் பல். விராலைக் கொல்லையில் தண்ணீர் வாளிக்குள் விட்டுவிட்டு வந்து கேட்டாள். "நீங்களா புடிச்சீங்க? எப்புடிங்க?"

எப்படிச் சும்மா இருக்க முடியும்? "கேளு. இடுப்பளவு தண்ணி. விராலு வாலால ஒரு அடி அடிச்சுது பாரு, நான் அசரவே இல்ல. ரெண்டு கையையும் இப்புடி நீட்டி, மூச்ச அடக்கிக்கிட்டு…"

கால் கழுவக் கொல்லைப்பக்கம் போயிருந்த மாமனார் அங்கிருந்து கத்தினார். "மாப்ள! கதைய அப்பறமா சொல்லுங்க, ஓடியாங்க! விராலு வாளிய வுட்டுத் தாண்டி சாக்கடப் பக்கம் போவுது. எனக்குப் புடிக்கத் தெரியாது, நீங்கதான் புடிக்கணும்!"