கார்புரேட்டருக்கு வைத்த சந்தனம்

கோவில்பத்தில் எங்கள் தெருவிலேயே அதிக வண்டி வைத்திருப்பவர் நவநீதன். ஒரு யெஸ்டி பைக், ஒரு ராஜ்தூத் பைக், மொபிலெட் என்று ஒரு பிரெஞ்சு மொபெட். இத்தனையையும் வைத்துக்கொண்டு அவர் காரைக்கால் டவுனில் இருக்கும் ஆபீசுக்குத் தினமும் எதில் வருகிறார் என்று கேட்டால், என் ஸ்கூட்டரின் பின்சீட்டில். எனக்கும் அவருக்கும் ஒரே ஆபீஸ், ஒட்டினாற்போல் வீடு. எந்தப் பிறவியில் செய்த பாவமோ, சனீஸ்வரன் கோயில் பக்கத்திலேயே இருந்தும் தீர்ந்தபாடில்லை.

ஓசியில் வருகிறவர் வாயை மூடிக்கொண்டாவது வரலாம். அதுவும் கிடையாது.

"தங்கப்பன் சார், வண்டியில ஒரு சத்தம் வருது, கேக்குதா? செயினைக் கொஞ்சம் பாருங்க."

"இது ஸ்கூட்டருங்க. செயினே கெடையாது."

"அதான் சொல்றேன். செயின் வண்டியா இருந்தா சத்தம் எங்கேருந்து வருதுன்னு கரெக்டா சொல்லிப்புடுவேன்."

யெஸ்டி அவருடைய மாமனார் கைலாசநாதன் கொடுத்தது. மாமனார் ஊரான சுரக்குடியில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் அது வெகுகாலம் கிடந்தது. கோழிகள் அதன் சீட்டில் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. ஒரு பொங்கலுக்குப் போன நவநீதன் அதைத் தடவிப் பார்த்திருக்கிறார். "புடிச்சிருந்தா எடுத்துட்டுப் போங்க மாப்ள" என்று பெரியவர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குச் சீர் செய்ததாகவும் ஆயிற்று, இடம் காலியானதாகவும் ஆயிற்று. விவசாயம் பார்த்தவருக்குக் கணக்கு தெரியாமல் இருக்குமா?

யெஸ்டிக்கு உதிரிபாகம் வேண்டுமென்று ராஜ்தூத்தை வாங்கினார். ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குச் சேராது என்பது வாங்கிய பிறகு தெரிந்தது. மொபிலெட், டவுனில் பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்கும் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் பூசணிக்கொடிக்குப் பந்தலாக இருந்தது. அதை எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். "குடுத்தாங்க" என்றார். கொடுத்தால் வாங்கிவிட வேண்டியதுதானே.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போர்டிகோவில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். கழற்றிய நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க இட்லித்தட்டுகள் வைத்திருந்தார். ஒவ்வொரு குழியிலும் ஒரு சாமான். பழைய தட்டு என்று அவர் சொல்வார். அவர் மனைவி சிவப்ரியாவைக் கேட்டால், அவர் எடுக்கும்வரை அது பழைய தட்டாக இல்லை என்பார்.

வேண்டிய பாகம் காரைக்காலில் கிடைக்காது. நாகப்பட்டினத்தில் கேட்பார், கும்பகோணத்தில் கேட்பார், கடைசியில் திருச்சியில் யாராவது இருக்கிறது என்பார்கள். அங்கிருந்து பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புவார்கள். திருச்சி பஸ் டிரைவர்களில் பாதிப் பேருக்கு இவரைத் தெரியும். மற்ற வீடுகளுக்குப் பஸ்ஸில் பலாப்பழம் வரும், கல்யாணப் பத்திரிகை வரும். இவருக்குச் செய்தித்தாளில் சுற்றிய துருப்பிடித்த இரும்பு வரும். அதைப் பிரிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிறந்த குழந்தையை நர்ஸ் கையில் கொடுத்த மாதிரி இருக்கும்.

இப்படியே வருஷங்கள் போயின. யெஸ்டி மட்டும் மெல்ல மெல்ல வண்டியாகிக்கொண்டு வந்தது. இஞ்சின் முடிந்தது, வயரிங் முடிந்தது, டேங்க்குக்குப் பெயின்ட்கூட அடித்தாகிவிட்டது. பாக்கி ஒரே ஒரு கார்புரேட்டர். பழையது விரிசல் விட்டுப்போயிருந்தது. அது இல்லாமல் இஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது.

இந்தச் சமயத்தில்தான் சிவப்ரியா வாயைத் திறந்தார். ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதாக முடிவு செய்திருந்தார். விஜயதசமியன்று ஆரம்பம். இடம், போர்டிகோ.

"வெசயதசமி நல்ல நேரத்துக்குள்ள ஒரு வண்டியாவது ஸ்டார்ட் ஆயி, தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துட்டா, அந்த வண்டி இங்கயே ஓரமா நிக்கட்டும். இல்லன்னா மூணும் அஜ்மீர் பாய் கடைக்குத்தான்" என்றார். அஜ்மீர் பாய்க்குப் பழைய இரும்பு வியாபாரம். அவர் வந்து எடைக்கு எவ்வளவு தேறும் என்று வண்டிகளை ஒரு நோட்டம் விட்டுவிட்டும் போனார். நவநீதன் அன்று ராத்திரி சாப்பிடவில்லையாம்.

நான் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆபீசில் அவர் யாரையும் எதுவும் கேட்டதில்லை, பிரமோஷன் உட்பட. அவர் ஆசைப்பட்டது, அந்த யெஸ்டியைத் தன் கையால் ஓட வைப்பது ஒன்றுக்குத்தான். அதுவும் இரும்புக் கடைக்குப் போய்விட்டால் மனுஷனுக்குச் சொல்லிக்கொள்ள என்ன மிஞ்சும்? அதை நினைத்தால் எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

ஆயுதபூசையன்று சாயங்காலம், வாழைக்கன்று கட்டிய திருச்சி பஸ்ஸில் கார்புரேட்டர் வந்து சேர்ந்தது. டிரைவர் ஒரு பொட்டலம் பொரிகடலையும் சேர்த்துக் கொடுத்தாராம். நவநீதன் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். வேறு யாராக இருந்தாலும் நேராக வண்டியில் மாட்டியிருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? பூசைக்கு வைத்துவிட்டார்.

ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், சுத்தியல் எல்லாவற்றையும் துடைத்து வாழையிலையில் பரப்பி, நடுவில் கார்புரேட்டரை உட்கார வைத்தார். ஒரு பக்கம் சிவப்ரியாவின் புத்தகங்கள், சிலேட்டுகள். பூசையில் வைத்ததை மறுநாள் மறுபூசை போட்டு எடுக்கிறவரை தொடக் கூடாது. இது அவருக்கும் தெரியும். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"ஏன் சார், மாட்டிப் பாத்துட்டு வண்டியோட சேத்துப் பூசை போட்டுருக்கலாம்ல?"

"புதுசா வந்த சாமான் சார். மொதல்ல சாமிக்கு வைக்காம எப்படி?"

தேங்காய் உடைத்துத் தீபாராதனை ஆனது. சிவப்ரியா ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் கணவருடைய இரும்புச் சாமானைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. கார்புரேட்டருக்கு வந்ததும் ஒரு கணம் நின்றார். கணவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு கிண்ணத்திலிருந்து சந்தனத்தை வழித்து, தாராளமாக ஒரு பெரிய பொட்டாக வைத்தார். நவநீதன் பூரித்துப்போனார்.

விஜயதசமி காலையில் மறுபூசை முடிந்ததும் கார்புரேட்டரைத் துடைத்து மாட்டினார். நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். கிக்கரை உதைத்தார். ஒன்றும் இல்லை. மறுபடி உதைத்தார். கைலி அவிழ்ந்ததே தவிர வண்டி அசையவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தார், உதைத்தார். வாசலில் தாய்மார்கள் பிள்ளைகளோடு வர ஆரம்பித்தார்கள். சிவப்ரியா தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவநீதன் கார்புரேட்டரைக் கழற்றி உள்ளே பார்த்தார். பெட்ரோல் போகிற பொடி ஓட்டையில் சந்தனம். ராத்திரி முழுக்கக் காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. துடைத்ததெல்லாம் வெளியே மட்டும்தான்.

"அப்பாடா, இவ்வளவுதானே" என்றேன். "தங்கச்சிகிட்ட சொல்லி அரைமணி நேரம் வாங்குங்க. பெட்ரோல்ல ஊறப்போட்டுக் கம்பியால குத்துனா வந்துடும்."

அவர் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"வேணாம் சார். எதுக்கு அரைமணின்னு கேப்பா. அவ வச்ச சந்தனத்தாலதான் வண்டி நின்னுச்சுன்னு தெரிஞ்சா, ஆரம்பிக்கிற அன்னைக்கே அபசகுனம்னு நெனைச்சுப்பா. கிளாஸ் நடத்துறதுக்கே மனசு வராது. ஆசையா வச்சா சார்."

பிறகு மனைவியிடம் போய், "சாமான் சரியில்ல சிவா. சொன்னா சொன்னதுதான், பாய வரச்சொல்லு" என்றார். மூன்று வண்டிகளையும் நாங்கள் இருவரும் தெருவுக்குத் தள்ளினோம். யெஸ்டியைத் தள்ளும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. வகுப்பு ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் அரிசியில் 'அ' எழுதின. நவநீதன் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வண்டி ஏற்றப்படுவதைப் பார்க்க மனமில்லை, அவ்வளவுதான்.

வகுப்பு முடியவும் அஜ்மீர் பாயின் லோடு ஆட்டோ வரவும் சரியாக இருந்தது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். வண்டி தொலைந்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நிம்மதி. ஆனால் என்னால் முடியவில்லை. நேரே சிவப்ரியாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவருக்குக் கண் கலங்கியது. அப்புறம் சிரித்தார்.

"அபசகுனமா? அடைச்சா குத்தி எடுக்க வேண்டியதுதானே. அதுக்குப்போயி வண்டியவே விட்டுட்டாராண்ணே?" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். "பாய், அந்த ரெண்டை மட்டும் ஏத்துங்க. இது இருக்கட்டும்."

"எங்கம்மா நிறுத்துவீங்க? உள்ள பிள்ளைங்க ஒக்காருமே" என்றார் பாய்.

சிவப்ரியா யோசிக்கவே இல்லை. "தங்கப்பண்ணன் வூட்டு போர்டிகோ சும்மாத்தானே கெடக்கு."

தவளை தன் வாயால் கெடும் என்பதை நான் சின்னப் பிள்ளையில் படித்திருக்கிறேன். தவளையாகவே ஆவேன் என்று நினைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யெஸ்டி என் வீட்டு போர்டிகோவில் ஸ்டார்ட் ஆனது. புகையில் எங்கள் வீட்டுச் சுவர் கறுத்துவிட்டது. நவநீதன் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தபோது சிவப்ரியா வாசலில் நின்று கைதட்டினார். நானும் தட்டினேன், வேறென்ன செய்ய. இப்போது இட்லித்தட்டுகளும் என் வீட்டுக்கு இடம் மாறிவிட்டன.

மனைவியின் மனசு மாறியது எப்படி என்று நவநீதனுக்குத் தெரியாது. அவருக்குச் சொல்லவே கூடாது என்று சிவப்ரியா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஆபீசுக்கு அவர் இன்னமும் என் பின்சீட்டில்தான் வருகிறார். யெஸ்டியை எடுத்துப் போனால் ஆபீஸ் வாசலில் வெயிலில் நிற்குமாம், பெயின்ட் போய்விடுமாம்.

"நான் ஒரு வார்த்தை கேக்கல சார். தானாவே புரிஞ்சுக்கிட்டா பாருங்க" என்று தினமும் சொல்கிறார். "நம்ம மனசுல இருக்கிறது பொம்பளைங்களுக்கு எப்படித்தான் தெரியுதோ."

நான் வாயைத் திறக்காமல் ஓட்டுகிறேன்.