இஞ்சி வண்டல்

எங்கள் வீட்டில் இப்போது இஞ்சி வாங்குவதில்லை. டீயில்கூடப் போடுவதில்லை. நான் மட்டும் நாள் முழுக்க அதன் வாசனையோடு இருக்கிறேன். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இஞ்சியிலிருந்து மருந்து எடுப்பது என் வேலை. சாயங்காலம் இரும்புலியூருக்குத் திரும்பிக் கதவைத் தட்டினால், திறந்துவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கை காட்டிக்கொடுத்துவிடும்.

செய்வது இதுதான். இஞ்சியைப் பிழிந்து, சாற்றை இயந்திரத்தில் வைத்துச் சுற்றுவோம். முதலில் சக்கையும் மாவும் அடியில் இறங்கும். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, மிச்சத்தை இன்னும் பல மடங்கு வேகத்தில் சுற்றினால் குழாயின் அடியில் மெல்லிய படலம் ஒன்று ஒட்டும். இஞ்சி தன் சாரத்தைக் கொழுப்பு உறைக்குள் பொதிந்து வைத்திருக்கும் நானோ துகள்கள் அவை. வயிற்று அமிலத்துக்குத் தப்பிப் பெருங்குடல் வரை போய், புண் இருக்கிற இடத்தில் சேரும். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம், சேர்ந்தது. எலிக்கு அந்தப் புண் தானாக வந்துவிடாது, நாங்கள்தான் அது குடிக்கிற தண்ணீரில் ஒரு ரசாயனத்தைக் கலந்து வரவைப்போம். ரத்தமாகப் போகும். கூனிக் குறுகி மூலையில் உட்கார்ந்துவிடும்.

என் தங்கையும் அப்படித்தான் உட்காருவாள். அவளுக்கும் பெருங்குடலில் புண். ஜிஎஸ்டி ரோட்டில் எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை பூட்டாமல் இருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். பெருங்களத்தூர் நெரிசலில் பஸ் நின்றுவிட்டால் அழுகையே வந்துவிடும் என்பாள். கடைசியில் வேலையை விட்டாள். ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் ஊதிப்போனது. அதற்கும் கேட்காவிட்டால் பெருங்குடலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"உன் எலிங்களுக்குக் குடுக்கிறத எனக்கும் கொஞ்சம் கொண்டாயேன்க்கா" என்றாள் ஒருநாள், சாப்பிடும்போது.

"மனுஷங்களுக்கு இன்னும் குடுத்துப் பாக்கலடி. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அப்டி இன்னாதான் எடுக்கிற அதுல?" என்று அம்மா கேட்டாள்.

எனக்குத் தூக்கம். விளக்கமாகச் சொல்லப் பொறுமை இல்லை. "மேல நிக்கிறத கொட்டிட்டு அடியில தங்குறத எடுப்போம்மா, அவ்ளோதான்."

"அதிசயமா கீதே. அது நஞ்சாச்சே, நாங்க அதைத்தானே கொட்டுவோம்" என்று அம்மா சிரித்தாள். எந்த வீட்டிலும் அப்படித்தான். இஞ்சிச் சாற்றைத் தெளியவைத்து, அடியில் படியும் வெள்ளை வண்டலைக் கொட்டிவிட்டுத்தான் குடிப்பார்கள்.

மறுநாளிலிருந்து அம்மா, நான் ரயிலேறியதும், தெளிந்த சாற்றைக் கொட்டிவிட்டு வண்டலைத் தேனில் குழைத்துத் தங்கைக்கு ஊட்டியிருக்கிறாள். அது வெறும் மாவு. நாங்கள் முதல் சுற்றிலேயே எறிகிற பொருள். அந்த நோய் தானாகவே சில நாள் அடங்கும், மறுபடி கிளம்பும். அப்போது அடங்கியிருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்து இருவரும் பூரித்துப்போனார்கள். முகம் வற்றட்டும் என்று தங்கை மாத்திரையை நிறுத்திவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குணமான பிறகு சொல்லி என்னை அசத்துவதாகத் திட்டமாம்.

ஒருநாள் குளியலறையில் ரத்தத்தோடு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்ததும், எடுத்ததை வீட்டு ஆள் ஒருவருக்குக் காட்டுவது அங்கே வழக்கம். என்னைக் கூப்பிட்டார்கள். "உயிருக்குப் பயமில்லை. இனிமே மலம் போக வயித்துல பைதான்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் எவர்சில்வர் தட்டில் என் தங்கையின் பெருங்குடலைக் காட்டினார். எலிகளை அறுத்ததும் குடலை ஸ்கேலுக்குப் பக்கத்தில் நீட்டிவைத்து அளப்போம். புண்பட்ட குடல் சுருங்கியிருக்கும். நான் கேட்காமலே என் கண் அதை அளந்தது. நன்றாகச் சுருங்கியிருக்கிறது என்று மனசுக்குள் குறித்தும்கொண்டேன். அந்த ஒரு கணம் நான் அவளுக்கு அக்காவாக இல்லை. அந்தக் கணம்தான் இன்றுவரை என்னைத் தூங்கவிடுவதில்லை.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் குடுத்ததாலயாடி?"

"இல்லம்மா. இந்த நோவே அப்டித்தான்."

"எனக்கு ஆறுதல் சொல்லாதே. உன் எலிங்களப் பாத்து சொல்லுவியே, அந்த மாதிரி சொல்லு."

எலி என்றால் சொல்லிவிடலாம். கொடுத்த கூண்டையும் கொடுக்காத கூண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். எனக்கு இருப்பது ஒரே தங்கை.

"தெரியலம்மா" என்றேன். அம்மா மெல்லக் கையை எடுத்துக்கொண்டாள்.