கேபினெட்டுக்குள் பஞ்சு

கேம் விளையாடுவதற்கென்றே பாகம் பாகமாக வாங்கி, ஒரு கம்ப்யூட்டரை நானே பொருத்தினேன். கையிலிருந்த பட்ஜெட்டில் பெரும்பகுதியை கிராபிக்ஸ் கார்டே விழுங்கிவிட்டது. மிச்சத்தில், வீடியோக்களில் எல்லோரும் சொன்னபடி, முன்பக்கம் முழுக்க வலை வைத்த கேபினெட்டை வாங்கினேன். காற்றோட்டம்தான் முக்கியமாம். வீடியோ போட்டவர்கள் யாரும் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் வீட்டில் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஒரே மாதத்தில், ஆட்டத்தின் நடுவே கம்ப்யூட்டர் சூடாகி அணைந்தது. திறந்து பார்த்தால் ஃபேன்களில் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. துடைத்துவிட்டு, வலையின் மேல் மெல்லிய துணியை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

தறியை நிறுத்திவிட்டு, இருமிக்கொண்டே தண்ணீர் குடிக்க வந்தாள் அம்மா.

"ஏலே, அதுக்கு எதுக்கு மூஞ்சிய மூடுத?"

"தறிப் பஞ்சு உள்ள போகுதும்மா. இப்படியே விட்டா கெட்டுப்போயிரும்."

"அப்பம் நல்லா மூடு" என்று சொல்லிவிட்டுத் தறிக்குத் திரும்பினாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் நிற்கும் இடம் அது.

துணியை ஒட்டி முடித்தேன். பிறகு மீதித் துணியை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டினேன்.

"எனக்கு எதுக்குலே?" என்று சிரித்தாள்.

கம்ப்யூட்டருக்குச் சட்டென்று சொன்ன பதிலை, அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.