மணல் கப்பலுக்கு ஆள் எடுத்த கதை

டயாலிசிஸ் வார்டில் அந்த நர்ஸுக்குக் கைராசிக்காரி என்று பெயர். ஊசி இறங்குவதே தெரியாது. வாய்தான் ஓயாது. மெஷினில் மாட்டிய பிறகு ரத்தம் போய்த் திரும்பும்வரை கையை அசைக்காமல் கிடக்க வேண்டும். மனுஷன் எவ்வளவு நேரம்தான் மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பான்? அதனால் குழாயைப் பொருத்திக்கொண்டே கதை சொல்வாள். படித்த கதைகள் தீர்ந்த பிறகு, எழுதிக்கொண்டிருந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ராஜா ராணிக் கதைப் பைத்தியம். ஆனால் கல்யாணம், பிள்ளைகள், ஷிப்ட் எல்லாம் முந்திக்கொள்ள, நாற்பதைத் தாண்டித்தான் நாவலைத் தொட்டாள். அதில் ஒரே நாளில் கடல் வற்றிப்போகிறது. காணாமல்போன கடலைத் தேடி மணல் மேல் ஒரு கப்பல் கிளம்புகிறது. எந்தக் காலத்திலிருந்தும், எந்தப் புராணத்திலிருந்தும் ஆட்கள் அதில் ஏறலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அலெக்சாண்டரை ஏற்றினாள், கிளியோபாட்ராவை ஏற்றினாள், செங்கிஸ்கானைக் குதிரையோடு ஏற்றினாள். ஏறின கையோடு எல்லோரும் நீளநீளமாகப் பேசினார்கள். கப்பல் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் ஜன்னலோரப் படுக்கையில் இருந்த போட்டோக்காரர். கல்யாணங்களுக்குப் படம் எடுத்தவர். சிறுநீரகம் கைவிட்டதிலிருந்து கேமராவைத் தூக்கத் தெம்பில்லை. "ஏறினவங்க பூரா ராஜா. மணல்ல கப்பலைக் கயிறு கட்டி யாரு இழுக்கிறது? கல்யாண வீட்ல நான் பார்க்காததா! எல்லாருக்கும் நடுவுல நிக்கணும். கடைசியில ஒரு படமும் உருப்படாது."

அவளுக்குச் சுருக்கென்றது. நாள் முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய் எழுதினதை எடுத்துப் பார்த்தால், அத்தனை பேரும் ஒரே குரலில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்கள். பெயரை மாற்றிப் போட்டால்கூட வித்தியாசம் தெரியாது. மனசில்லாமல் ஒவ்வொருவராக இறக்கிவிட்டாள். அலெக்சாண்டரை இறக்கத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"சரி, யாரைச் சேர்க்கட்டும்? நீங்களே சொல்லுங்க," என்று அடுத்த முறை அவரையே கேட்டாள்.

"மேலேயும் போகாம, கீழேயும் வராம தலைகீழாத் தொங்குவாரே, அவரு."

"திரிசங்குவா?"

"அவரேதான். எனக்குப் பொருந்துற கிட்னி வருமா வராதான்னு இங்க தொங்கிக்கிட்டு இருக்கேன். அவரைவிட எனக்கு நெருங்கின சொந்தம் யாரு?" என்று சிரித்தவர், அதே மூச்சில், "அப்புறம் எமன்," என்றார்.

"வாயை அலம்புங்க!" பக்கத்துப் படுக்கையிலிருந்து டீச்சரம்மா சீறினாள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். ரத்தம் குழாயில் ஓடும்போதும் குரலில் பிரம்பு இருக்கும். "இந்த ரூம்ல அந்தப் பேரை எடுக்கக் கூடாது. சிஸ்டர், உன் கப்பல்ல அந்த ஆள் ஏறினா நான் கதை கேக்க மாட்டேன்."

நர்ஸும் டீச்சரம்மா பக்கம்தான். இந்த வேலையில் அந்தப் பெயர் விளையாட்டுக்குக்கூட வாயில் வரக் கூடாது என்று அவளும் நினைத்திருந்தாள். திரிசங்கு ஏறினான், எமன் ஏறவில்லை. கப்பல் கொஞ்சம் நகர்ந்தது. ஆனால் கதையில் ஏதோ ஒன்று குறைந்தது. யாருக்கும் எதற்கும் பயமே இல்லை.

ஒருநாள் டீச்சரம்மா பேசிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். முகம் வெளுத்து, நெற்றி வியர்த்துக்கொட்டியது. ரத்த அழுத்தம் சரசரவென இறங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் பாய்ந்துபோய்த் தலைமாட்டைத் தாழ்த்தி, கால்களை உயர்த்தி, சலைனைத் திறந்துவிட்டாள். "டீச்சர், என்னைப் பாருங்க, என்னைப் பாருங்க," என்று கன்னத்தைத் தட்டினாள். டாக்டர் ஓடி வந்தார். எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டிருக்கும் போட்டோக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டீச்சரம்மா பிழைத்துக்கொண்டாள். அடுத்த முறை வந்தபோது, ஊசி ஏறட்டும் என்று காத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சிஸ்டர், அவரைச் சேர்த்துக்கோ."

"யாரை டீச்சர்?"

"தெரியாத மாதிரி கேக்காத. பேர் சொல்லலைன்னா வராமயா இருந்தாரு? அன்னைக்கு வாசல்வரைக்கும் வந்துட்டுத்தானே போனாரு." மறு கையால் போர்வையைச் சரிசெய்துகொண்டாள். "ஆனா ராஜாவா உக்கார வைக்காத. வேலை வாங்கு."

அன்றிலிருந்து கதைக்கு உயிர் வந்தது. எமன் கயிறு இழுக்க வந்தான். உயிரை இழுத்த கைக்குக் கப்பலை இழுத்துப் பழக்கமில்லாததால் உள்ளங்கை கொப்பளித்தது. பக்கத்தில் நின்று இழுக்க எவனும் துணியவில்லை. திரிசங்கு மட்டும், "எனக்கென்ன போச்சு," என்று போய் நின்றான். "எருமை எங்க?" என்று கேட்டான். "மணல் சுடுதுன்னு வர மாட்டேன்னுடுச்சு," என்றான் எமன். அதைக் கேட்டு டீச்சரம்மா குலுங்கிச் சிரிக்க, "கையை ஆட்டாதீங்க, ஊசி நழுவிடும்!" என்று நர்ஸ் கத்த வேண்டியதாயிற்று. சிரித்து முடித்தவள் எழுதின தாளை வாங்கிப் பார்த்து, அந்த அத்தியாயத்திலேயே ஒற்றுப்பிழை கண்டுபிடித்துத் திட்டினாள்.

போட்டோக்காரருக்கு அவருடைய தங்கை சிறுநீரகம் கொடுத்தாள். ஆறேழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவள். "கிட்னி குடுக்கிறேன், ஆனா இன்னும் கோவம் போகலை," என்று சொல்லிவிட்டுத்தான் ஆபரேஷனுக்கு வந்தாளாம். அண்ணனும் தங்கையும் நன்றாக இருக்கிறார்கள், சண்டையும் ஓயவில்லை.

டீச்சரம்மாவுக்கு அந்த வயதில் மாற்று சிறுநீரகம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். மழைக்காலம் முடிகிற சமயத்தில், வீட்டிலேயே, தூக்கத்தில் போய்விட்டாள். நர்ஸுக்கு வேலைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அன்று அந்தப் படுக்கைக்கு விரிப்பு மாற்ற அவளால் முடியவில்லை. வேறொருத்தி மாற்றினாள். நர்ஸ் நாவலையும் மூடி வைத்துவிட்டாள். எமனைக் கூப்பிட்டது நான்தானே என்று ஓர் எண்ணம். அர்த்தமில்லாத எண்ணம் என்று தெரிந்தும் அது விடவில்லை.

சில வாரம் கழித்து டீச்சரம்மாவின் வீட்டுக்காரர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மனைவி உள்ளே இருக்கும் நேரமெல்லாம் அதே நாற்காலியில் இருந்தவர். இதுவரை உள்ளே எட்டிப் பார்த்தது கிடையாது. ரத்தத்தைப் பார்த்தால் அவருக்குத் தலைசுற்றும்.

"என்ன சார், இந்தப் பக்கம்?"

"செவ்வாய்க்கிழமை ஆச்சுன்னா கால் தானா இங்க வந்துடுது," என்றார். சொல்லிவிட்டுக் கூச்சப்பட்டார். "அந்தக் கப்பல் என்னம்மா ஆச்சு? வாடகைக் காருல போகும்போது பூராக் கதையையும் எனக்குச் சொல்லுவா. எமன் கையில கொப்பளம் வந்தவரைக்கும் தெரியும்."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கையிலிருந்த டீ ஆறிப்போகும்வரை சொன்னாள். எழுதாமல் விட்டதையும், அங்கேயே யோசித்து யோசித்துச் சொன்னாள். முடிந்ததும் அவர் கேட்டார்.

"இவங்க திரும்பி வருவாங்களான்னு கரையில யாராவது பார்த்துக்கிட்டு இருக்காங்களாம்மா?"

"இல்லையே சார். அப்படி யாரையும் யோசிக்கலை."

"ஒருத்தர் இருக்கட்டும். பெரிய ஆளா இருக்கணும்னு இல்லை."

அவர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தார். அவள் வாசல்வரை கூடவே போனாள். "அடுத்த செவ்வாயும் வாங்க சார், மிச்சத்தை எழுதிட்டுச் சொல்றேன்," என்றாள். "வரேம்மா," என்றார்.

நாவலை முடிக்க அவளுக்கு மேற்கொண்டு ஒரு வருஷம் ஆனது. அதன் கடைசிப் பக்கத்தில், கரையில் நாற்காலி போட்டு ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.