மருந்துச் சாமி கொடுத்த வெள்ளைப் பூ

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில், மருந்து அலமாரியின் மேல் ஒரு சாண் உயரத்தில் ஒரு வெண்கல மனிதர் உட்கார்ந்திருப்பார். மொட்டைத் தலை, மடியில் விரித்த ஏடு. எங்கள் மடுல்சீமை மலையை விட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டர், எங்கள் டாக்டர் ஐயாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. அந்த வெண்கல மனிதர் பழைய காலத்து எகிப்து ராஜாவுக்குக் கல்லடுக்கி மலை போலச் சமாதி கட்டியவராம், வைத்தியமும் பார்த்தவராம். பெயர் இம்ஹோதேப். அது யார் வாயில் நுழையும்? லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத்து ஜனங்கள் 'மருந்துச் சாமி' என்று கற்பூரம் கொளுத்த ஆரம்பித்தார்கள்.

ஐயாவுக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். "சாமி இல்லடா, மனுசன்! செத்து ரொம்பக் காலத்துக்கப்புறம் உங்கள மாதிரி ஆளுங்கதான் சாமியாக்கிப்புட்டாங்க" என்று கத்துவார். பதுளை டவுனில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை அவர். கல்லாவில் உட்காரப் பிடிக்காமல் டாக்டருக்குப் படித்தவர். நான் அந்த ஆஸ்பத்திரியில் ஆயா. கூட்டுவது, கழுவுவது, அவரிடம் ஏச்சு வாங்குவது எல்லாம் என் வேலை.

ஓடைத் தண்ணீர்தான் ஜனங்களைக் கொல்கிறது என்று, மலை ஊற்றுத் தண்ணீர் லயத்துக்கு வந்து விழக் கல் வைத்துப் பீலி இறக்கிக்கொண்டிருந்தார் ஐயா. கல்லெடுத்துக் கொடுத்ததும் அவர் கைதான். அது முடியுமுன்பே வாந்திபேதி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிணமாகத்தான் வருவோம் என்று லயமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டது. என் அக்கா மகனுக்கும் கண்டது. நான் போட்ட கூச்சலில் அக்கா புருஷன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விறாந்தை வரை வந்தார். தோளிலிருந்து இறக்க மட்டும் மாட்டேன் என்றார்.

"மருந்துச் சாமிகிட்ட வெள்ளயும் செவப்புமாப் பூக்கட்டிக் கேப்போம். வெள்ள வந்தா விட்டுட்டுப் போறேன். செவப்பு வந்தா தூக்கிட்டுப் போயிருவேன், யாரும் தடுக்கக் கூடாது."

பிள்ளைக்குக் கண் குழிந்துவிட்டது, அழக்கூடச் சத்தமில்லை. உடனே நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினால் பிழைப்பான், இல்லாவிட்டால் இல்லை என்று ஐயா சொன்னது அக்கா புருஷன் காதில் ஏறவேயில்லை. அட கடவுளே, ஒரு உயிரை வைத்தா பூப் போட்டுப் பார்ப்பது! "மச்சான், பிள்ளையக் குடுங்க" என்று காலில் விழுந்தேன். "சாமி சொல்லட்டும்" என்றார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லமாட்டேன். சில நாளைக்கு முன்னால்தான் தம்பியை இதே ஆஸ்பத்திரியில் பறிகொடுத்திருந்தார்.

ஐயா வெடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "நானே கட்டுறேன்" என்று ரோஜாச் செடிப் பக்கம் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு இலைப் பொட்டலத்தோடு திரும்பினார். வெண்கல மனிதரை இறக்கி வைத்து அவர் முன்னால் போட்டார். எடுக்க வேண்டியவள் அப்பன் கூடவே வந்திருந்த அக்காவின் சின்ன மகள். ஒன்றைத் தொட்டாள், விட்டாள், மற்றதை எடுத்தாள். பிரித்தால், வெள்ளை ரோஜா. அக்கா புருஷன் பிள்ளையை ஐயா கையில் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து விம்மினார்.

பையன் பிழைத்தான். விறாந்தையைக் கூட்டும்போது அந்த இன்னொரு பொட்டலம் விளக்குமாற்றில் பட்டது. பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளை. நிமிர்ந்தால் வாசலில் ஐயா, கண்ணால் வெண்கல மனிதரைக் காட்டினார்.

"அடுப்புல போடு. இந்தாளும் வைத்தியன்தானே, கோவிச்சுக்க மாட்டான்."

அதற்குப் பிறகு நோயாளிகள் தாமாகவே வந்தார்கள். பீலியும் கட்டி முடிந்தது. ஐயா செத்த பிறகு, அந்தப் பீலிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கல்லை நட்டு, வெண்கல மனிதரையும் கொண்டுவந்து துணைக்கு வைத்துப் பொட்டிட்டார்கள். சாமி இல்லடா, மனுசன் என்று கத்த அவர் இல்லை. எனக்குக் கோபமாக வந்தது, சிரிப்பும் வந்தது, கடைசியில் அழுதுவிட்டேன்.

போன மாதம் ஒருவன் பெண்டாட்டியோடு அந்தக் கல்லடிக்கு வந்தான். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் அவள் வயிற்றைக் கிழிக்க வேண்டுமாம், போகலாமா என்று கேட்க. பூக்கட்ட இப்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கட்டிப் போட்டேன். பிரித்தான், வெள்ளை.

"எங்க டாக்டர் சாமி செவப்புக் குடுத்ததே இல்ல ஆயா!"

"ஆமாப்பா, நேரத்தோட கூட்டிட்டுப் போ" என்றேன். மொட்டைத் தலையர் மடியில் ஏட்டை விரித்தபடி உட்கார்ந்திருந்தார். மற்றப் பொட்டலத்தை அடுப்பில் போட எடுத்துக்கொண்டு வந்தேன்.