அச்சு வழவழப்பாகும் வரை

என் கணவர் கிழக்கேகோட்டையில் எஸ்.டி.டி. பூத் நடத்திக்கொண்டிருந்தார். அதற்கு முன்பு கட்டட வேலை. சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்ததில், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. நாள் முழுக்க பூத்தில் மர நாற்காலியில்தான் இருப்பார். தொடைக்குப் பின்னால் புண் வந்து சீழ் பிடித்தது. காய்ச்சல் அடித்த பிறகுதான் புண் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் புண் ஆறி வீட்டுக்கு வந்ததும், அவர் உடம்புக்கென்றே அளவெடுத்து ஓர் இருக்கை செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். என் தம்பி ஃபைபர்கிளாஸ் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில் இருந்தான். இருவரும் சேர்ந்து அவர் இடுப்பையும் தொடையையும் மாவுக்கட்டில் பதிவெடுத்தோம். அந்தக் குழிக்குள் ஃபைபர் விரித்து ரெசின் பசை பூசி, காய்ந்ததும் உருவினோம். அதுதான் அச்சு. இனி அதன்மேல் மறுபடி ஃபைபர் போட்டால் இருக்கை கிடைக்கும். அச்சில் ஒரு மேடு இருந்தால் இருக்கையில் அது குழியாக விழும். அச்சில் குழி என்றால் இருக்கையில் மேடு.

மாவுக்கட்டுத் துணியின் நெசவு அச்சு முழுக்கப் பதிந்திருந்தது. தம்பி தடவிப் பார்த்தான்.

"அக்கா, இது மதி, போதும். மேல ஒரு ஸ்பாஞ்சு போட்டா தெரியாதுல்லா?"

"உனக்கும் எனக்கும் உறுத்துனா அசைஞ்சு உக்காருவோம். அத்தானுக்கு உறுத்துனா தெரியுமாடே?"

அவன் போய் மேடுபள்ளம் நிரவும் பட்டி வாங்கிவந்து கொடுத்தான்.

பட்டி பூசி, காயவிட்டு, வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளைப் பழைய ரப்பர் செருப்புத் துண்டில் சுற்றித் தேய்த்தேன். பக்கெட் தண்ணீர் வெள்ளையாகி வெள்ளையாகி மாற்றிக்கொண்டே இருந்தேன். கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகளைக் கண்டுபிடிக்க, துணிக்குப் போடும் நீலப்பொடியைத் தூவித் துடைப்பேன். நீலம் தங்கிய இடமெல்லாம் துளை. கழுவிக் காயவைத்து மறுபடியும் பட்டி. ஈரமாக இருக்கும்போது ஜன்னல் கம்பிகளின் நிழல் அச்சில் விழும். அது எங்கே நெளிகிறதோ அங்கே இன்னும் தேய்க்க வேண்டும். விரல் நுனித் தோல் உரிந்துபோனது. சோறு பிசைந்தால் எரியும்.

ஒட்டாமலிருக்க மெழுகு பூசி முதல் இருக்கையைப் போட்ட அன்று இடவப்பாதிப் பருவமழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் ரெசின் சரியாக இறுகாமல் அச்சோடு ஒட்டிக்கொண்டது. தம்பி மர ஆப்பு வைத்து அடித்துப் பிரித்தபோது, அச்சின் மேல்தோல் ஒரு கையகலம் பெயர்ந்து வந்துவிட்டது.

கணவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "விடு. எனக்குப் பழைய நாற்காலியே போதும். உன் கைய பாரு."

"கை ஆறிரும். நீங்க சும்மா இருங்க" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கத்தான் வந்துவிட்டது. அன்றைக்கே பெயர்ந்த இடத்தில் பட்டி வைத்தேன்.

மழை ஓய்ந்து நல்ல வெயில் வரும்வரை அச்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினேன். எங்கும் தட்டவில்லை. மெழுகை ஒவ்வொரு பூச்சும் காயக் காய, பல தடவை ஏற்றினோம். இந்த முறை தம்பி ஓரத்தில் கைகொடுத்து இழுத்ததும், 'டப்' என்று இருக்கை தனியாகக் கழன்று வந்தது. உள்பக்கம் பளபளவென்று இருந்தது. அவன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுச் சேச்சி ஓடிவந்துவிட்டார்.

மெல்லிய ஸ்பாஞ்சு விரித்து, அதில் அவரை உட்காரவைத்து பூத்துக்கு அனுப்பினோம். முதல் நாள் மாலை டார்ச் அடித்துப் பார்த்தபோது இடது தொடையில் லேசான சிவப்பு. இருக்கையின் விளிம்பு அழுத்தியிருந்தது. அதை அரத்தால் ராவித் தேய்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் வந்ததும் சொன்னார்: "மறுபடியும் நல்ல மழை, பூத்துல ஆளே இல்ல. உக்காந்தபடியே உறங்கிட்டேன், கேட்டியா."

உறங்கிவிட்டால் கையூன்றி உடம்பைத் தூக்கி மாற்றிக்கொள்ளவும் மாட்டார்; அவ்வளவு நேரமும் ஒரே இடம் அழுந்தியிருக்கும். புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்தேன். சிவப்பு எங்கும் இல்லை.